எச் என்னும் ஓர் எழுத்து



சில திங்களாக இப்பக்கத்தில் நீண்ட பதிவு எதையும் எழுதவில்லை. அம்மாவின் அறுவை சிகிச்சையும் அதன் பின்வந்த ஆறு மாதக் கண்காணிப்பும் வேறெதற்கும் இடம் தரவில்லை. இப்போது ஓரளவு ஓய்ந்திருக்கிறோம். பாராதைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் இரத்தப் பரிசோதனை முடிவுகளை எவ்வாறு புரிந்துகொள்வது என்று தமிழில் தேடியபோது எனக்குக் கிடைத்தது மிகக் குறைவு. இதே நிலையில் இருக்கும் எவருக்கேனும் உதவட்டும் என்றே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லேன். மொழியியல் ஆய்வு மாணவி. ஒரு குறி எப்போது எப்பொருளைத் தரும் என்பதைப் படிப்பவள். அந்தப் படிப்பு இந்த ஆறு மாதத்தில் எதிர்பாராத வகையில் துணைநின்றது. பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

நாங்கள் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பம். தாத்தா இரயில்வே வேலைக்காக இங்கு வந்தவர். அம்மாவுக்கு வயது 56. ஐந்தாண்டுகளுக்குள் இருமுறை சிறுநீரகக் கல் வந்தது. முழங்காலிலும் இடுப்பிலும் ஓயாத வலி, அயர்வு, மலச்சிக்கல், எதிலும் பற்றின்மை. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அவரே தம்மைத் தேற்றிக்கொள்வார். இரண்டாம் முறை கல் வந்தபோது ஓர் இளம் மருத்துவர் இரத்தத்தில் கால்சியத்தைப் பார்க்கச் சொன்னார். டெசிலிட்டருக்கு 11.6 மில்லிகிராம் இருந்தது. எங்கள் ஆய்வகத்தின் இயல்பு எல்லை 8.5 முதல் 10.5 வரை. அடுத்துப் பார்த்த பாராதைராய்டு ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 312 பிகோகிராம். அதன் எல்லை 15 முதல் 65 வரை.

தைராய்டுச் சுரப்பியின் பின்புறம் அரிசிமணி அளவில் பெரும்பாலோர்க்கு நான்கு சுரப்பிகள் உண்டு. பெயரில் தைராய்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் வேலையில் தொடர்பில்லை. மனித உடலில் இவற்றைத் தெளிவாக விவரித்தவர் 1880இல் சுவீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது இச்சுரப்பிகள் ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துவரும். சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும். வைட்டமின் டி-யைச் செயல்வடிவுக்கு மாற்றி, குடல் கூடுதலாக உறிஞ்சும்படி செய்யும். கால்சியம் போதிய அளவுக்கு வந்ததும் சுரப்பு அடங்க வேண்டும். அம்மாவின் நான்கில் ஒன்று கட்டியாக வளர்ந்து, அடங்க மறுத்துவிட்டது. எலும்பு கரைந்துகொண்டே இருந்தது. கரைந்தது சிறுநீரகத்தில் கல்லாயிற்று.

கடந்த ஜூலையில் அறுவை சிகிச்சை நடந்தது. எடுத்த சுரப்பியின் எடை 1.8 கிராம். இயல்பான ஒரு சுரப்பி 50 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. இந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும் இயல்புடையது. அதனால் கட்டியை எடுத்த பத்தாவது நிமிடமே மேசையில் வைத்து மறுபடி அளந்தார்கள். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. சரியான கட்டிதான் வந்தது என்பதற்கு அது சான்று. "இன்றோடு கல்லும் வலியும் போச்சு" என்று அப்பா உறவினர்க்கெல்லாம் தொலைபேசியில் சொன்னார்.

அடுத்த நாள் முடிவில் ஹார்மோன் 11. பக்கத்தில் 'எல்' என்று அச்சிட்டிருந்தது, குறைவு என்பதன் அடையாளம். பல ஆண்டுகளாகப் பெரிய கட்டி ஒன்றே எல்லா வேலையையும் செய்துகொண்டிருந்ததால் மற்ற மூன்றும் உறங்கிக் கிடந்தன. விழித்தெழச் சில நாள் ஆகும் என்றார்கள். மூன்றாம் நாள் கால்சியம் 7.4க்கு இறங்கியது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருப்பதாக அம்மா சொன்னார். பாஸ்பரஸும் குறைந்திருந்தது, எலும்பு புதுப்பித்தலைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்படேஸ் கூடியிருந்தது. நாளத்தின் வழியே கால்சியம் ஏற்றி, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேளைக்கு இரண்டாகக் கால்சியம் மாத்திரை, உடன் கால்சிட்ரியால், வாரத்துக்கு ஒருமுறை 60,000 அலகு வைட்டமின் டி. இவ்வளவையும் எதிர்பார்த்தே இருந்ததால் நாங்கள் கலங்கவில்லை.

கலக்கம் வந்தது ஆறாவது வாரத்தில். அப்போது நான் கோலாமி மொழிக் களப்பணிக்காக ஆதிலாபாத் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்தேன். தொலைபேசித் தொடர்பு அங்கே விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆய்வகத்திலிருந்து முடிவு அப்பாவின் கைப்பேசிக்கு வந்தது. கால்சியம் 8.6, கறுப்பு எழுத்தில், எந்தக் குறியும் இல்லாமல். பாராதைராய்டு ஹார்மோன் 124, தடித்த சிவப்பு எழுத்தில், பக்கத்தில் 'எச்'. மிகுதி என்பதன் அடையாளம்.

வீட்டில் அந்தச் சிவப்பை மட்டுமே எல்லோரும் படித்தார்கள். பெரியம்மா சென்னையிலிருந்து அழைத்து, தவறான சுரப்பியை எடுத்துவிட்டார்களோ என்று கேட்டார். அவசரத்துக்கு வேறொரு மருத்துவமனையில் காட்டியபோது, அங்கிருந்தவர் கால்சியம் எவ்வளவு என்று பார்க்காமலே, கட்டி மிச்சமிருக்கலாம், மறுபடி ஸ்கேன் எடுத்து இன்னொரு முறை திறக்க நேரலாம் என்று சொல்லிவிட்டார். அப்பா, "இன்னொரு தடவை அவ கழுத்துல கத்தி வைக்க விடமாட்டேன்" என்று உறுதியாக நின்றார். அம்மா எவரிடமும் வாதிடவில்லை. அமைதியாகக் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

அவருடைய தருக்கத்தில் பிழை காண்பது எளிதன்று. பின்னர் என்னிடம் அதைச் சொன்னார்: "கால்சியம் கூடிப்போச்சுன்னுதானே கண்ணா ஆபரேஷன் பண்ணாங்க? இப்ப மறுபடி எச் போட்டு அனுப்பியிருக்காங்க. இதுல நான் வேளைக்கு ரெண்டு கால்சியம் முழுங்கினா, எரியற தீயில எண்ணெய் ஊத்தற மாதிரிதானே?" அறுவைக்கு முன் 'எச்' என்றால் நோய். அறுவைக்குப் பின்னும் 'எச்' என்றால் நோய் திரும்பிவிட்டது. ஒரே எழுத்து, ஆகவே ஒரே பொருள். படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடின்றி யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

நான் ஊர் திரும்பியது அவர் மாத்திரையை நிறுத்திய ஆறாம் நாள். அன்றிரவு அவருடைய வலக்கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டு, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி விறைத்துக்கொண்டது. நான் நீவிப் பார்த்தேன், நேராகவில்லை. உதடு மரத்து, பேச்சுக் குழறியது. அறுவை செய்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு சென்றோம். கால்சியம் 7.1. இந்த அளவுக்குக் குறைந்தால் வலிப்பு வரலாம். இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். இரவு முழுவதும் இதயவரைவுக் கருவியைப் பார்த்தபடியே கால்சியம் ஏற்றினார்கள். அப்பா வெளியே பெஞ்சில் அந்தக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

காலையில் வந்த அறுவை மருத்துவர் முடிவுத்தாளை வாங்கி, சிவப்பு எண்ணைப் பார்க்காமல் கால்சியத்தைப் பார்த்தார். அடுத்து வைட்டமின் டி. அது வெறும் 13. பிறகுதான் ஹார்மோன். அம்மாவிடம் தெலுங்கில் சொன்னார்: உங்கள் எலும்புகளுக்குப் பசி, அம்மா. பத்தாண்டுகளாக அவற்றிடமிருந்து எடுத்துக்கொண்டே இருந்தோம். திருடன் போய்விட்டான். இப்போது அவை இழந்ததை எல்லாம் திருப்பி வாங்குகின்றன. நீங்கள் தருவதும் போதவில்லை. வைட்டமின் டி குறைவாக இருப்பதால் தருவதும் முழுவதுமாக உள்ளே சேர்வதில்லை. அதனால் மீதமுள்ள நல்ல சுரப்பிகள் 'கொண்டு வா, கொண்டு வா' என்று கூவுகின்றன. அந்தக் கூவல்தான் இந்த 124. கட்டி இருந்தால் கால்சியமும் சேர்ந்து ஏறியிருக்கும். இங்கே அது எல்லையின் அடிப்பகுதியில் அல்லவா நிற்கிறது?

அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ அது நல்ல எச்சா?" என்று கேட்டார். மருத்துவர் சிரித்துவிட்டு, "நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, நீங்கள் மாத்திரை போட வேண்டும் என்று சொல்லும் எச்" என்றார்.

இவ்விடத்தில் என் துறையைக் கொஞ்சம் இழுக்கிறேன். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை எவ்வாறு தெளிவது என்பதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: அது கொள்ளும் வினை, அதனோடு வரும் இனம், அது நிற்கும் சார்பு. 'மா' என்று மட்டும் சொன்னால் மரமா, விலங்கா, வேறொன்றா என்று தெரியாது. பூத்தது என்றால் மரம். பாய்ந்தது என்றால் குதிரை. முதுகலை முதலாண்டில் இதைத் தேர்வுக்காகப் படித்தேன். அவசரப் பிரிவின் வாயிலில் நின்றபோது, மருத்துவர் செய்ததும் இதுவே என்று விளங்கியது. அவர் அந்த எண்ணைத் தனியே படிக்கவில்லை. அதன் இனமான கால்சியம், வைட்டமின் டி, பாஸ்பரஸ், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றோடு படித்தார். உடலில் அப்போது நடந்துகொண்டிருந்த வினை என்ன, எலும்பு கரைகிறதா, கட்டப்படுகிறதா என்று பார்த்தார். அறுவைக்கு முன்னா, பின்னா, எத்தனையாம் வாரம் என்னும் சார்பைப் பார்த்தார். கால்சியம் 11.6 இருக்கையில் 312 என்பது அடங்காத சுரப்பி. கால்சியம் 8.6 இருக்கையில் 124 என்பது கடமை தவறாத சுரப்பி. எழுத்து ஒன்று; பொருள் நேர் எதிர்.

அச்சிடும் இயந்திரத்துக்கு இவை எதுவும் தெரியாது. நலமுள்ளோர் நூறு பேரை அளந்தால் 95 பேரின் அளவுகள் அடங்கும் வகையில் வகுத்த எல்லையே பெரும்பாலும் 'இயல்பு' எனப்படுகிறது. எஞ்சும் ஐவரும் நலமுள்ளோரே. அந்த நூறு பேரில், ஆறு வாரத்துக்கு முன் கட்டி எடுத்து, பசித்த எலும்போடு இருப்பவர் எவரும் இல்லை. அவ்வெல்லையை அம்மாவின் மீது வைத்து, மீறியதும் சிவப்பாக்குவது மட்டுமே இயந்திரத்தின் வேலை. படிப்பது மனிதர் வேலை.

இந்தக் குழப்பம் புதிதும் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எலும்பு நோயால் இறந்தவர்களின் பாராதைராய்டு பெருத்திருப்பதை வியன்னாவில் யாக்கோப் எர்டைம் என்னும் நோயியலாளர் கண்டார். எலும்பு கெட்டதால், அதை ஈடுசெய்யச் சுரப்பி பெருத்தது என்று அவர் கருதினார். அதே நகரில் பெலிக்ஸ் மாண்டில் என்னும் அறுவை மருத்துவரிடம், எலும்புகள் கரைந்து நடக்க இயலாமற்போன டிராம் நடத்துநர் ஒருவர் வந்தார். எர்டைமின் கருத்துப்படி மாண்டில் முதலில் அவருக்குப் பாராதைராய்டுத் திசுவைக் கூடுதலாகப் பொருத்திப் பார்த்தார். பயனில்லை. பிறகு 1925இல் கழுத்தைத் திறந்து கட்டியை எடுத்தார். வலி குறைந்து, நோயாளி நடந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் நோய் அவருக்குத் திரும்பியது என்றாலும், பெருத்த சுரப்பி விளைவன்று, காரணம் என்பது அந்த அறுவையால் தெளிவாயிற்று. வியப்பு என்னவெனில், எர்டைமும் முழுக்கத் தவறவில்லை. வைட்டமின் டி குறைவிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் சுரப்பி ஈடுசெய்யவே பெருக்கிறது. காரணமா, விளைவா என்னும் அதே கேள்விதான் நூறாண்டுக்குப் பின் எங்கள் கைப்பேசித் திரையில் சிவப்பாக வந்து நின்றது. மாண்டிலுக்கு ஹார்மோனை அளக்கும் வழியே இல்லை; அது 1963க்குப் பின் வந்தது. எங்களிடம் அளவு இருந்தது. உடனிருந்து படித்துச் சொல்ல ஆள்தான் அன்று இல்லை.

மேலைநாடுகளில் 1970களிலிருந்து வழக்கமான இரத்தப் பரிசோதனையிலேயே கால்சியம் பார்க்கப்படுவதால், இந்நோய் பெரும்பாலும் தொல்லை தொடங்குமுன்பே தெரியவருகிறது. நம் நாட்டில் எலும்பும் சிறுநீரகமும் கெட்ட பிறகே பலரும் கண்டறியப்படுகிறார்கள். வைட்டமின் டி குறைவும் இங்கே பரவலாக உள்ளது. ஆகவே அறுவைக்குப் பின் எலும்புப் பசியும், இயல்பான கால்சியத்தோடு உயர்ந்த ஹார்மோனும் இங்கே அரிய காட்சிகள் அல்ல.

இந்த ஆறு மாதத்தில் மருத்துவர்களிடம் கேட்டு நான் குறித்து வைத்தவற்றுள் பிறர்க்குப் பயன்படக்கூடியவை சில:

கால்சியத்தையும் ஹார்மோனையும் ஒரே நேரத்தில் எடுத்த இரத்தத்தில் பாருங்கள். ஒன்றில்லாமல் மற்றதற்குப் பொருளில்லை. கால்சியத்தோடு ஆல்புமினும் வேண்டும். ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 0.8 கூட்டிக் கணக்கிடுவார்கள். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். எல்லைகள் இடத்துக்கு இடம் மாறும்.

கால்சியமும் ஹார்மோனும் இரண்டுமே உயர்ந்திருந்தால் அது வேறு. கட்டி மிச்சமிருக்கவோ இன்னொன்று வளரவோ வாய்ப்புண்டு. மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டுமே குறைந்து மாதக்கணக்கில் நீடித்தால், மீதமுள்ள சுரப்பிகள் எழவில்லை என்று பொருள். அதற்கும் மருத்துவம் உண்டு. கால்சியம் இயல்பாக இருந்து ஹார்மோன் மட்டும் உயர்ந்தால், முதலில் வைட்டமின் டி, சிறுநீரகம், உணவில் கால்சியம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை எடுப்போர் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சில ஆய்வக முறைகளில் ஹார்மோன் அளவை அது பொய்யாகக் காட்டும். கால்சியம் கார்பனேட் மாத்திரையை உணவோடு எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்போர் இரண்டுக்கும் இடையே நான்கு மணிநேரமாவது விட வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது இது: உதட்டிலும் விரல் நுனியிலும் மதமதப்பு, கை இழுத்துக்கொள்ளுதல் வந்தால், தாளில் எந்த எழுத்து இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு சிவப்பு எண்ணை நம்பி நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அறுவை வெற்றியா என்பதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி அறுவை மருத்துவர் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், ஆறு மாதத்துக்குப் பிறகும் கால்சியம் இயல்பாக நிலைத்திருப்பதையே குணமாகக் கொள்கின்றன. அந்த வரையறையில் ஹார்மோன் எண்ணுக்கு இடமில்லை. ஆறாவது வாரத்தில் யாரேனும் இதைச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் ஓர் இரவு மிஞ்சியிருக்கும்.

ஜனவரியில் ஆறு மாதம் நிறைந்தது. கால்சியம் 9.3. வைட்டமின் டி 34. ஆல்கலைன் பாஸ்படேஸ் எல்லைக்குள் வந்துவிட்டது. ஹார்மோன் 69, பக்கத்தில் இன்னும் அந்த 'எச்' நிற்கிறது. மருத்துவர் அதைக் கண்டுகொள்ளாமல், இனி ஆண்டுக்கொரு முறை கால்சியம் பார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். அம்மா இப்போது மல்காஜ்கிரிச் சந்தைக்கு நடந்தே போய் வருகிறார். மாத்திரை வேளைக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. சென்ற வாரம் அடுத்த வீட்டம்மா தம் சர்க்கரைப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து, எச் போட்டிருக்கிறதே என்று கலங்கினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரிடம் முதலில் கேட்டது: "சாப்பிட்டுட்டு எடுத்தீங்களா, சாப்பிடாம எடுத்தீங்களா?"